நான் விட்ட நான்கு கட்டங்கள்

நோட்டின் முதல் பக்கத்தில் இப்படி எழுதியிருக்கிறேன்: ‘சித்திரை, இரண்டாவது ஞாயிறு. பிரெலூடைப் பெயர்த்தெழுதத் தொடங்கினேன். மழை இல்லை.’

தம்பி பெங்களூருக்குப் போனபோது தன் கிளாசிக்கல் கிடாரை எங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போனான். முந்நூறு வருடத்துக்கு முந்தைய பரோக் காலத்து ஐரோப்பிய இசைத்துண்டு ஒன்றை, சிறிய பிரெலூட், அதில் கற்றுக்கொள்ள ஆசைப்பட்டேன். இசைக்குறிப்பு இரண்டு தாள், கள்ளக்குறிச்சியில் அச்செடுத்தேன். எழுத்து பொடியாக இருந்தது. அதனால் ஸ்கேல் வைத்து ஐந்தைந்து கோடாக இழுத்து, நோட்டில் பெரிதாக எழுதிக்கொண்டேன். அச்சுத் தாள்கள் பீரோவுக்குள் போயின.

இரண்டு குத்துக்கோட்டுக்கு நடுவில் இருப்பது ஒரு கட்டம்; ஒவ்வொரு கட்டமும் கைக்கு வந்த நாளை ஓரத்தில் குறித்தேன். வெள்ளிமலைப் பள்ளிக்கு வேலைக்குப் போகும் பஸ்ஸில், பெரிய கலைஞர் ஒருவர் அதே பிரெலூடை வாசித்த பதிவை இயர்போனில் கேட்பேன். மலை வளைவுகளில் கண்ணை மூடிக்கொண்டு, விரல்களைத் தொடையில் ஓட்டிப் பார்ப்பேன். தை பிறந்ததும் தம்பிக்குப் போன் செய்தேன். “முழுசா முடிச்சிட்டேன்டா.”

“ஞாயித்துக்கிழம வரேண்ணா. வாசிச்சுக் காட்டு.”

அந்தப் புதன்கிழமை இயர்போன் அறுந்தது. வீட்டில் பதிவைச் சத்தமாகவே வைத்தேன். மனைவி மடியில் கடலைத்தோல் குவிய மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தாள். என் கிடார் அவளுக்கு டிவி பார்க்கும்போது குறுக்கே வரும் தொல்லை, அவ்வளவுதான்.

“ஏங்க, இந்த ஆளு தப்பா வாசிக்கிறாரு.”

சிரித்துவிட்டேன். “ஒலகமே கும்புடுற ஆளு அவரு.”

“யாரா இருந்தா இன்னா? நடுவுல இன்னாமோ ஜாஸ்தியா போட்டுக்கினு போறாரு. நீங்க அங்க நேரா எறங்கிடுவீங்க.”

பீரோவைத் திறந்தேன். இரண்டாம் தாளின் முதல் வரி, நான்கு கட்டங்கள், என் நோட்டில் இல்லை. முதல் தாளின் கடைசிக் கட்டமும் அந்த வரியின் கடைசிக் கட்டமும் பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுதான். கண் தாவியிருக்கிறது. அந்தக் காலத்தில் ஓலைச்சுவடி பெயர்த்தெழுதியவர்கள் இப்படி வரி விட்டதைப் படிக்கும்போதெல்லாம், தூங்கிக்கொண்டே எழுதினார்களா என்று ஏசியவன் நான்.

எழுதாமல் விட்டதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். ஒன்பது மாதமாக அந்த நான்கு கட்டங்களும் என் காதுக்குள்ளேயே ஒலித்திருக்கின்றன! ஒரு நாள்கூட அவை எனக்குக் கேட்கவில்லை. நான் அவரைக் கேட்கவே இல்லை. என் நோட்டைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். காது கொடுக்காமல் மல்லாட்டை உரித்தவளுக்குக் கேட்டிருக்கிறது.

“அப்படியே வாசிங்க. ஒங்க தம்பி இன்னா எண்ணிக்கினா இருக்கப் போறாரு?” என்றாள்.

ஓரக்குறிப்புகளைப் பார்த்தேன். ஒரு கட்டத்துக்கு எனக்குப் பத்து நாள் பிடித்திருக்கிறது. ஞாயிற்றுக்கு முன் இருந்தது மூன்றே நாள். விட்ட வரியைத் தனித்தாளில் எழுதி நோட்டில் ஒட்டினேன்.

ஞாயிறு தம்பி வந்தான். வாசித்தேன். அந்த இடம் வந்தபோது நேராக இறங்கும் பழைய வழிக்கு விரல்கள் தாமாகவே திரும்பின. அவற்றை இழுத்துப் பிடித்தேன். நான்கு கட்டங்களையும் தடவித்தடவி, இரண்டு முறை நின்று, கடந்தேன்.

தம்பி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். “முடிச்சிட்டேன்னு சொன்னியேண்ணா?”

கிடாரைச் சுவரோரம் சாய்த்து வைத்தேன். மனைவிதான் சொன்னாள்: “போன வாரம் வரைக்கும் நல்லாத்தான் வாசிச்சுக்கினு இருந்தாரு தம்பி. அந்த ஆளு வாசிக்கிறத ஒழுங்கா கேட்டாரு, கெட்டுப்போயிட்டாரு.”