தண்ணீர் வராத திங்கட்கிழமை

என் வீட்டுக்காரரின் பாதத்தை எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து ஆரம்பிக்கிறேன், சபையாரே. அது எழுபத்தெட்டாம் வருஷம், மே மாதம். கேளம்பாக்கம் உப்பளத்தில் சிப்பி கிழித்த புண், சர்க்கரை வியாதியால் ஆறாமல் சீழ் வைத்துவிட்டது. "செவ்வாய்க்கிழமை வரைக்கும் பாக்கலாம்" என்றார் செங்கல்பட்டு டாக்டர். உப்புப் பாத்தியில் நிற்கிறவருக்குப் பாதம் போனால் என்ன மிச்சம்? பஸ்ஸில் வீடு வரும்வரை அழுதேன்.

டாக்டர் புதிதாக வந்த மருந்து ஒன்றைக் கொடுத்திருந்தார். ரவையைவிடச் சின்ன வெள்ளை மணிகள். ஒவ்வொரு மணியும் தனக்குள் மருந்தைச் சுமந்திருக்குமாம். சீழைக் குடித்து உப்பும்போது அந்த மருந்தைப் புண்ணில் இறக்குமாம். நர்ஸம்மா எவ்வளவோ சொன்னார். தலையை ஆட்டினேனே தவிர, ஒன்றும் காதில் ஏறவில்லை. காலையில் அவர் போட்ட முதல் கட்டைச் சாயங்காலம் பிரித்தபோது மணிகள் ஊறிக் கொழகொழவென்று இருந்தன. அதை மட்டும் பார்த்து வைத்துக்கொண்டேன்.

நான் கூட்டுரோட்டில் சர்பத் விற்கிறவள். சப்ஜா விதை ஊறவைத்தே பழகிய கை. சனி, ஞாயிறு இரண்டு நாளும் மணிகளை நல்ல தண்ணீரில் ஊறவைத்துத்தான் புண்ணில் வைத்துக் கட்டினேன்.

"இன்னா எஸ்தரு, நாத்தம் ஜாஸ்தியாவுதே?" என்றார் அவர்.

"சும்மா கெடய்யா. மருந்து வேலை செஞ்சிகினு கீது" என்று அதட்டினேன்.

திங்கட்கிழமை ஒரே ஒரு பொட்டலம் மிச்சம். குடத்தில் சொட்டு நல்ல தண்ணீர் இல்லை. எங்கள் கிணறு உப்பு. தண்ணி வண்டிக்காரர் மாட்டுக்கு லாடம் அடிக்கப் போய்விட்டாராம். குடத்தைக் கவிழ்த்துப் போட்டு முட்டி போட்டேன்.

"அம்மாம் பெரிய கடலை வெச்சிகினு கீறியே ஆண்டவரே, ஒரு டம்ளர் நல்ல தண்ணி குடுக்கக் கூடாதா?"

மத்தியானம் வரை வண்டி வரவில்லை. வேறு வழியில்லாமல் காய்ந்த மணிகளை அப்படியே கொட்டிக் கட்டினேன். காலை நானே கெடுத்துவிட்டேன் என்று அழுதேன்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் கட்டைப் பிரித்தார்கள். மணிகள் மஞ்சளாக உப்பியிருந்தன. அடியில் ஓரமெல்லாம் சிவப்புச் சதை! "எடுக்க வேணாம். இதையே தொடர்ந்து போடுங்க" என்றார் டாக்டர்.

நான் சப்ஜா கதையைச் சொன்னதும் நர்ஸம்மா தலையில் அடித்துக்கொண்டார். "அய்யோ, மருந்தெல்லாம் டம்ளர்லயே எறங்கியிருக்குமேம்மா! ஊறிப்போன மணி சீழை எப்படிக் குடிக்கும்? நேத்தும் ஊறவெச்சிருந்தா இன்னிக்கு காலு போயிருக்கும்."

தண்ணீர் கேட்டு நான் சண்டை போட்ட நேரத்தில், ஆண்டவர் தண்ணீரைத் தடுத்து வைத்திருக்கிறார். ஆஸ்பத்திரித் தரையிலேயே முட்டி போட்டு ஸ்தோத்திரம் சொன்னேன்.

என் வாய் இன்னும் நீளம்தான். ஆனால் இப்போதெல்லாம் கேட்டுவிட்டு, கொஞ்சம் பொறுத்திருக்கிறேன். கேட்டது வரவில்லையே என்று கண்ணீரோடு உட்கார்ந்திருப்பவர்களே, நீங்களும் பொறுத்திருங்கள். நம்பிக்கை வரவில்லையென்றால் போகும்போது வாசலில் பாருங்கள். என் வீட்டுக்காரருடைய செருப்பு இரண்டும் அங்கே கிடக்கிறது.