அமெரிக்கா எரிந்த அன்று பூட்டிய கதவு

அம்மா ஈரத் துணியால் தேய்த்த தேய்ப்பில் என் நெற்றித் தோல் எரிந்தது. பொட்டு அழிந்த பிறகும் அவர் விடவில்லை. அப்போது எனக்கு ஒன்பது வயது. சுவிட்சர்லாந்தின் கூர் நகரத்தில், இரண்டு அறை வீடொன்றில், தஞ்சக் கோரிக்கைக்கு முடிவு வராமல் காத்திருந்தோம். வீட்டில் அதற்குப் பெயர் "கேஸ்".

தொலைக்காட்சியில் அமெரிக்க நகரமொன்று எரிந்துகொண்டிருந்தது. கறுப்பர் ஒருவரை அடித்து நொறுக்கிய பொலிஸ்காரர்களை நீதிமன்றம் விட்டுவிட்டதாம். கொதித்தெழுந்த கூட்டத்தில் சிலர், அந்தத் தெருவால் வந்த பாவத்துக்கு ஒரு லொறிச் சாரதியை இழுத்து விழுத்தித் தலையில் கல்லால் அடித்தார்கள். அதைக் கண்டுதான் அம்மா எழும்பினார். கொழும்புக் கலவரத்தில் அவருடைய தம்பியையும் வான் வண்டியிலிருந்து அப்படித்தான் இழுத்தார்கள், பிறகு கொளுத்தினார்கள். பொட்டைப் பார்த்துத் தமிழரைப் பிடித்த நாட்கள் அவை.

"அது அமெரிக்காவம்மா," என்று, ஜெர்மன் செய்தி விளங்கிய பெருமையில் சிரித்தேன். கன்னத்தில் பளாரென்று விழுந்தது.

"வாயை மூடு! அங்க தொடங்கினது இஞ்ச வர எவ்வளவு நேரம்?"

கதவைப் பூட்டி, இறைச்சி வெட்டும் கத்தியோடு அதன் பின்னால் நின்றார். கொஞ்ச நேரத்தில் வெளியிலிருந்து யாரோ பூட்டைத் திறந்தார்கள். நான் கத்துவதற்குள் அம்மா வெட்டிவிட்டார். ஹோட்டல் வேலையிலிருந்து அன்று வழக்கத்தைவிட முன்னதாகவே வந்த அப்பாவின் கை பிளந்து, இரத்தம் சப்பாத்து வரை ஓடியது.

வைத்தியசாலைக்கு மொழிபெயர்க்க அப்பா என்னைத்தான் கூட்டிக்கொண்டு போனார். எங்கள் வீடுகளில் பிள்ளைகள்தானே தாய் தகப்பனின் வாய்.

"இறைச்சி வெட்டேக்க கத்தி வழுக்கினதெண்டு சொல்லு, பிள்ளை. பொலிஸ் வந்தா கேஸ் குழம்பும், அம்மாவைப் பிடிச்சுக்கொண்டு போயிடுவாங்கள்."

டொக்டர் காயத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், இரண்டு தரம் கேட்டார். இரண்டு தரமும் பொய் சொன்னேன். கன்னத்தில் வாங்கிய அடியின் கோபத்தில் உண்மையைச் சொல்லிவிடவும் ஒரு கணம் ஆசை வந்தது. அதை நினைக்க இன்றும் வெட்கமாக இருக்கிறது.

கேஸ் வென்றது. அப்பா இப்போது இல்லை. கையிலிருந்த தழும்பும் அவரோடு எரிந்துவிட்டது. அமெரிக்கா மட்டும் திரும்பத் திரும்ப எரிகிறது. பொலிஸ்காரரின் முழங்காலுக்குக் கீழ் இன்னொரு கறுப்பர் மூச்சடங்கிய அந்தக் கிழமை, தனியே இருக்கும் அம்மா செய்தியைப் பார்த்துவிடுவாரே என்று பதறி ஓடினேன். தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. கதவு பூட்டியிருக்கவில்லை.

"ஏனம்மா பூட்டேல்லை?"

"பூட்டிப்போட்டு நிண்டு ஆரை வெட்டினனான், பிள்ளை?" என்றார் அம்மா.