பாயின் படகில் ஃபிரிட்ஜ் மாட்டிய இரண்டு ஞாயிறுகள்

நாட்குறிப்பைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். தை மாதத்தின் இரண்டாவது ஞாயிறு, காலை ஒன்பது பத்துக்குப் பழவேற்காடு படகுத்துறையில் வண்டியை நிறுத்தினேன். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையின் குளிர் அறைகளைப் பராமரிப்பது என் வேலை. படகில் அதுவரை எதையும் மாட்டியதில்லை. நான் படித்த கடல் பயணக் கதைகளிலும் உப்புக்கண்டம் வரும், ஃபிரிட்ஜ் வராது.

கூப்பிட்டவர் எனக்குப் பழக்கமான துணிக்கடைக்காரர். பாய் என்றுதான் அழைப்பேன். கடையை மகனிடம் விட்டுவிட்டு, ஒரு பழைய மீன்பிடிப் படகை வாங்கிக் கூரை போட்டு, இரண்டு படுக்கையும் ஓர் அடுப்பும் வைத்திருந்தார். மனைவியோடு ஏரியிலேயே நான்கு நாள் வடக்கே போய்வர ஆசை. நான் அக்கா என்று அழைக்கும் அவர் மனைவிக்குத் தினமும் இன்சுலின் போட வேண்டும். மருந்து எட்டு டிகிரிக்குள் இருக்க வேண்டும். ஐஸ் பெட்டியை அவர் நம்பவில்லை.

“ஃபிரிட்ஜ் ஒழுங்கா ஓடுனாத்தான் வருவேன் சார். இல்லாங்காட்டி இவரு மட்டும் போய்க்கினு வரட்டும்,” என்று என்னிடமே சொன்னார்.

பேட்டரியில் ஓடும் சின்னப் பெட்டி அது. கதவு முன்பக்கம் திறக்கும். ரசமட்டத்தை மேலே வைத்து, குமிழி நடுவில் வந்து நிற்கும்வரை அடியில் கட்டை கொடுத்து முடுக்கினேன். மட்டம் பார்க்காமல் நான் எதையும் வைத்ததில்லை. படகு ஒரு பக்கம் சாய்ந்திருந்தது தெரிந்தது. படகென்றால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். பதினொன்றே முக்காலுக்கு வேலை முடிந்ததாகக் குறித்தேன்.

பன்னிரண்டரைக்குக் கடல் நீர் ஏரிக்குள் ஏறியது. சேற்றில் சாய்ந்து உட்கார்ந்திருந்த படகு மெல்ல எழுந்து நிமிர்ந்தது. என் பெட்டி சாய்ந்தது. கதவு தானாகத் திறந்து, உள்ளே வைத்த தண்ணீர் பாட்டில் உருண்டுபோய் அக்காவின் காலடியில் நின்றது.

“இன்னா சார், சேத்துக்கு மட்டம் பாத்தீங்களா?” என்றார் அக்கா.

பாய் விழுந்து விழுந்து சிரித்தார். அக்கா அவர் பக்கம் திரும்பினார்.

“நீங்க இன்னா சிரிக்கிறீங்க? பக்கத்துல நின்னுக்கினு டார்ச் புடிச்சது யாரு? பொறந்ததுலருந்து இந்த ஊரு. போட்டு சாஞ்சிகீதுன்னு ஒரு வார்த்த சொல்லத் தெரியல?”

“சாரே மட்டம் வெச்சுப் பாக்கறாரு. அதுக்கு மேல நான் இன்னாத்த சொல்றது?”

“அப்ப நீங்க மட்டும் போய்ட்டு வாங்க,” என்றார் அக்கா. பாயின் சிரிப்பு நின்றது.

அடுத்த ஞாயிறு ரசமட்டத்தை வீட்டிலேயே விட்டுவிட்டு டேப்போடு போனேன். படகின் தரையிலிருந்து நான்கு மூலைக்கும் ஒரே உயரம் அளந்து பெட்டியை மாட்டினேன். கதவுக்குக் கொக்கியும் போட்டேன். அக்காவிடம் ஒரு வெப்பமானியைக் கொடுத்து, வியாழன்வரை காலை, மதியம், மாலை மூன்று வேளையும் குறித்து வைக்கச் சொன்னேன்.

வியாழன் மாலை ஐந்தரைக்கு போன் வந்தது. அக்கா வரிசையாகப் படித்தார்.

“நாலு, அஞ்சு, நாலு. செவ்வாக்கெழம மத்தியானம் மட்டும் ஏழு.”

“ஏன்க்கா ஏழு?”

“இவரு ரெண்டு கிலோ எறாவ உள்ள வெச்சிட்டாரு. எடுத்துக் கடாசிட்டேன்.”

“அப்போ போறீங்களா?”

“நாளைக்கு ஜும்மா முடிஞ்சி கெளம்புறோம். மருந்த உள்ள வெச்சிட்டேன். எறா வெக்கக் கூடாதுன்னு நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க சார். நீங்க சொன்னா கேப்பாரு.”

போன் கைமாறியது.

“சார், ஒரே ஒரு கிலோ?” என்றார் பாய்.