தெலோமில் இறங்கி, தெமர்லோ வரை

பெயர் மகேஸ்வரன். தகப்பனார் முருகையா, தாயார் ரஞ்சிதம். பிறந்தது 1968 அக்டோபரில், மலாய் நாட்டு மலைமேல், கியா பார்ம் என்ற ஊருக்கு அப்பால் உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தின் நான்காம் லயத்தில். 1989 முதல் அதே தோட்டத்துத் தொழிற்சாலையில் ஃபிட்டர். மனைவி புனிதா, பிள்ளைகள் இருவர், இருவரும் ஈப்போவில். துடுப்புத் தோணியில் மேற்கொண்ட நெடும் ஆற்றுப் பயணங்கள் ஒன்பது. முதலாவது 2004, கடைசியானது 2023. புறப்பட்ட இடம் ஒன்பது முறையும் தெலோம் ஆறு. சேர வேண்டிய இடம் பெக்கான், தென்சீனக் கடல். சேர்ந்தது ஒருமுறையும் இல்லை.

இவ்வளவிலும் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. இனி வருபவை உடன் இருந்தவர்கள் சொன்னவை; ஒருவர் சொன்னதை மற்றவர் மறுக்காத அளவில் மட்டும் இங்கே இடம்பெறுகின்றன.

2003-இல் தொழிற்சாலையின் பின்பக்க வடிகால் அடைத்துக்கொண்டது. அடைப்பை எடுக்கப் போன மகேஸ்வரன், இந்தத் தண்ணீர் எங்கேதான் போகிறது என்று தோட்டத்துத் தலைமை எழுத்தரான பெரிய கிராணி நாகப்பனிடம் கேட்டார். நாகப்பன் அலுவலகச் சுவரில் தொங்கிய பழைய வரைபடத்தில் விரலை வைத்து இழுத்தார். வடிகால் ஓடையில் விழுகிறது, ஓடை தெலோமில். தெலோம் காட்டுக்குள் புகுந்து ஜெலாயாகி, குவாலா லிப்பிஸைத் தாண்டி, தெம்பெலிங்கோடு கூடிப் பகாங் ஆறாகி, தெமர்லோ வழியே பெக்கானில் கடலைத் தொடுகிறது.

"பாத்தியா மகேசு, நம்ம சாக்கடை கடல் வரைக்கும் போவுது. நாமதான் அடிவாரத்துத் தாப்பாவத் தாண்டல," என்றார் நாகப்பன்.

எல்லோரும் சிரித்த அந்தப் பேச்சை மகேஸ்வரன் மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோனார்.

துணைக்குச் சேர்ந்தவர் ஜாஃபர். பிரிஞ்சாங்கில் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர், மகேஸ்வரனைவிட ஆறு வயது இளையவர். கடையின் குளிர்பெட்டியைப் பழுது பார்க்கப் போன இடத்தில் ஏற்பட்ட பழக்கம். இருவருமாகப் பழைய ஃபைபர் தோணி ஒன்றை வாங்கினார்கள். முன்னால் ஜாஃபர், பின்னால் மகேஸ்வரன். ஜெராம் என்று மலாய்க்காரர்கள் சொல்லும் பாறை இறக்கங்களில் தோணியையும் மூட்டைகளையும் தலைச்சுமையாகக் கரையோரம் கடத்த வேண்டும். அட்டை கடிக்கும், அரிசி நனையும், மூன்றாம் நாளுக்குள் உள்ளங்கைத் தோல் உரியும். இதையெல்லாம் வீரமாகச் சொல்லிக்கொள்ளும் வழக்கம் இருவருக்கும் இல்லை. திரும்பி வந்து இரண்டு நாள் தூங்குவார்கள்.

தடையாக இருந்தது ஆறு என்று சொல்வது முழு உண்மையாகாது. கடல் வரை பதினாறு நாள் வேண்டும். மகேஸ்வரனுக்கு ஒரே மூச்சில் கிடைத்த விடுப்பு பதினான்கு நாள். உருட்டு மிஷின் நின்றால் கொழுந்து வீணாகும். ஆகவே கூடுதலாக இரண்டு நாள் கேட்டபோதெல்லாம் மேனேஜர் மறுத்துவிட்டார். விட்ட இடத்திலிருந்து மறு ஆண்டு தொடர்ந்திருக்கலாம். அதற்கு மகேஸ்வரன் உடன்படவில்லை. பாதியில் ஏறினால் அது வேறு ஊர்த் தண்ணீர் என்பது அவர் கட்சி. ஆகவே ஒவ்வொரு முறையும் மலையிலிருந்தே தொடங்கினார்கள். மிகத் தொலைவு போனது 2019-இல், தெமர்லோ வரை.

"பெக்கானுக்கு பஸ் ஓடுது, தெரியுமா?" என்பார் புனிதா, ஒவ்வொரு முறையும் மூட்டை கட்டும்போது. கேட்டுக்கொண்டே காய்ந்த கருவாட்டையும் மிளகாய்த் தூளையும் அவரே பொட்டலம் கட்டிக் கொடுப்பார்.

2023 ஜூலையில் புறப்பட்டபோது மகேஸ்வரனுக்கு ஐம்பத்து நான்கு வயது. வலது தோள் இரண்டு ஆண்டாகவே நோவெடுத்துக்கொண்டிருந்தது. இதுவே கடைசி என்று புனிதாவிடம் வாக்குக் கொடுத்திருந்தார். அந்த ஆண்டு ஆறும் கைகொடுத்தது. வழக்கமாகச் சுமந்து கடக்கும் இரண்டு ஜெராம்களைத் தோணியிலிருந்தபடியே கடந்தார்கள். ஆறாம் நாள் சேர வேண்டிய மணல் திட்டுக்கு நான்காம் நாள் நண்பகலிலேயே வந்துவிட்டார்கள். கையில் இன்னும் பத்து நாள். கடலுக்கும் பத்தே நாள். பத்தொன்பது ஆண்டில் முதன்முறையாகக் கணக்கு நேரானது.

இருவருக்கும் உடம்பு அடித்துப் போட்டதுபோல் இருந்தது. தோணியைத் திட்டிலேயே கவிழ்த்துப் போட்டு, சோறு பொங்கினார்கள். மூன்று மணி அளவில் ஜாஃபர் தட்டைக் கழுவ இறங்கினார்.

"அண்ணே, தண்ணி கலரு மாறுதே."

மகேஸ்வரன் படுத்த வாக்கிலேயே எட்டிப் பார்த்தார். பால் தேநீரின் நிறம்.

"மேல காய்கறிக் கெபுன்ல மண்ணு வெட்டுறானுங்க பாய். நம்மூர்ல என்னைக்கு லா தண்ணி தெளிவா ஓடிச்சு?"

"அதுவும் சரிதான்," என்று ஜாஃபர் தட்டை அந்தத் தண்ணீரிலேயே கழுவினார்.

சமவெளியில் பிறந்த எவனும் அந்த நிறத்தைக் கண்டதும் மேட்டுக்கு ஓடியிருப்பான். மலைக்காரர்களுக்கு அந்தப் பயம் விட்டுப்போய் வெகுநாளாகிறது. காய்கறித் தோட்டத்துக்காக யாரேனும் ஒரு சரிவை வெட்டினால் போதும், வெயில் நாளிலும் அவர்கள் ஓடைகள் கலங்கித்தான் ஓடும். கலங்கல் என்றால் வெள்ளம் என்று அவர்கள் கண் இப்போது படிப்பதில்லை. தண்ணீரோடு பச்சை இலைகளும் முறிந்த கிளைகளும் வந்ததைத் தாம் பார்த்ததாகவும், எழுந்து மூட்டையை மேட்டுக்குச் சுமக்க அலுப்பாக இருந்ததாகவும் மகேஸ்வரன் பின்னர் ஒப்புக்கொண்டார். இதை அவரிடம் யாரும் கேட்கவில்லை. அவராகவே சொன்னது.

அரை மணி நேரத்தில் திட்டு பாதியாகக் குறைந்தது. அரிசி டின் போயிற்று, கூடாரம் போயிற்று. தோணியைப் பிடிக்கப் பாய்ந்த ஜாஃபரின் முழங்காலைத் தோணிக்கும் பாறைக்கும் நடுவில் வெள்ளம் நசுக்கியது. மகேஸ்வரன் அவரைத் தோளில் போட்டுக்கொண்டு மேட்டுக்கு ஏறினார். எந்தத் தோள் என்று பார்க்க அப்போது நேரமில்லை. வலது தோள்தான்.

மறுநாள் ஆறு வடிந்தது. பாறையில் சிக்கி நின்ற தோணியில் கீறலைத் தவிரச் சேதமில்லை. ஜாஃபரை அதில் படுக்கவைத்து, பின்னாலிருந்து ஒற்றை ஆளாகத் துடுப்புப் போட்டு, ஆறு மணி நேரத்தில் பாதை உள்ள, ஓராங் அஸ்லிப் பழங்குடியினரின் சிற்றூரான கம்போங் ஒன்றை அடைந்தார். அங்கிருந்தவர்கள் ஜீப்பில் குவாலா லிப்பிஸ் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள்.

"நீங்க போங்கண்ணே," என்றார் கட்டிலில் கிடந்த ஜாஃபர். "தோணி நல்லாத்தானே இருக்கு. தனியாவே போங்க. நான் ஒண்ணும் சாவப் போறதில்ல."

"முன்னால ஒன் முதுகு தெரியாம நான் எங்கய்யா பாத்துத் துடுப்புப் போடுறது?"

"முதுகத்தானே, போட்டோ எடுத்து ஒட்டிக்கங்க."

மகேஸ்வரன் போகவில்லை. மீதமிருந்த விடுப்பை ஜாஃபரின் கடையில் கழித்தார். காலை ஐந்தரைக்கு வந்து அடுப்பு மூட்டினார், கோப்பை கழுவினார், சுற்றுலாக்காரர்களுக்குத் தேநீர் ஆற்றினார், இடது கையால். கல்லாவில் உட்கார்ந்திருந்த ஜாஃபரின் மனைவி ஆசியா முதல் மூன்று நாள் பேசவில்லை. நான்காம் நாள் பேசினார்.

"பழுப்புத் தண்ணியப் பாத்தா ஓடணும்னு சின்னப் புள்ளைக்கே தெரியுமேண்ணே."

"கீழ பொறந்த புள்ளைக்குத் தெரியும்மா. நம்ம புள்ளைக்குத் தெரியாது."

ஆசியா ஒரு தட்டில் சோற்றைப் போட்டு நீட்டினார். பிறகு, "சோத்தத் தின்னுட்டுக் கழுவுங்க, ஆறிடும்," என்றார்.

தோளில் தசைநார் கிழிந்திருந்தது. தொழிற்சாலையில் சம்மட்டி பிடிக்கிற வேலையெல்லாம் இளையவர்களுக்குப் போயிற்று. தோணி தொழிற்சாலையின் பழைய தேயிலைப் பெட்டிக் கொட்டகையில் சாய்ந்து நிற்கிறது. விற்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை, அவரும் பேச்சை எடுக்கவில்லை.

2024 டிசம்பர் விடுமுறையில், ஜாஃபர் ஊன்றுகோலோடு நடக்கத் தொடங்கிய பிறகு, புனிதாவும் ஆசியாவும் சேர்ந்து ஒரு திட்டம் போட்டார்கள். நால்வருமாகக் காரில் பெக்கான் போவது, கடலில் காலை நனைப்பது, மறுநாள் திரும்புவது. மகேஸ்வரன் மறுப்புச் சொல்லாமல் ஏறிக்கொண்டார். தெமர்லோவில் இறங்கி, ஆற்றைப் பார்த்த கடையொன்றில் பாத்தின் மீன் குழம்போடு சாப்பிட்டார்கள். 2019-இல் அவர்கள் தோணியைக் கரையேற்றிய படித்துறை கடையிலிருந்து தெரிந்தது. கை கழுவிவிட்டு வந்த மகேஸ்வரன் காரில் ஏறவில்லை.

"இங்கேருந்தே திரும்பிடலாம்."

"இன்னும் ரெண்டு மணி நேரந்தான்ங்க," என்றார் புனிதா.

"தெரியும்."

"பெட்ரோலுக்குப் புடிச்ச கேடு!" என்று புனிதா கதவை அறைந்து சாத்தினார். ஆனாலும் ஓட்டிவந்த ஆசியாவிடம், வண்டியைத் திருப்பச் சொல்லி அவரே கைகாட்டினார். ஆசியா திருப்பினார்.

மலை ஏறும்போது முன்னிருக்கையில் இருந்த ஜாஃபர் பின்னால் திரும்பினார். "அண்ணே, ரிட்டையர் ஆயிட்டா லீவே கேக்க வேணாம். பதினாறு நாளு என்ன, அறுபது நாளு போலாம் லா."

மகேஸ்வரன் சன்னலோரம் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். தூங்கவில்லை என்று புனிதா சொல்கிறார்.

2025 அக்டோபரில் எடுத்த குறிப்பு: அறுபதில் பணி ஓய்வு; அதற்கு மீதம் மூன்று ஆண்டு. துடுப்புப் பிடிக்கத் தோள் தாங்கும் என்று மருத்துவர் சொன்னது இன்னும் இரண்டு ஆண்டு.