ஒக்பூன் எதிரிக்காகச் செய்த ஜெபம்

தோங்யோங் துறையில் சிப்பி உடைக்கிற பெண்களில் ஒக்பூனைப் போல இன்னொருத்தியை நான் பார்த்ததில்லை. முப்பத்துநாலு வயதில் அவள் புருஷனைக் கடல் கொண்டுபோனது. கையிலிருந்த சின்னக் கத்தியை நம்பியே இரண்டு மகள்களைப் படிக்கவைத்து ஆளாக்கினாள். கத்தியைவிட அவள் வாய்க்குத்தான் கூர்மை அதிகம், அதில் நானும் வெட்டுப்பட்டிருக்கிறேன். ஆனாலும் சொல்கிறேன், எங்கள் சபையில் பிரசங்கத்தைக் கேட்டதோடு விடாமல் செய்தும் பார்த்த ஒரே ஆள் அவள்தான்.

அவளுக்கு இந்த உலகத்தில் ஒரே ஒரு எதிரி இருந்தாள். பெயர் ஜொம்சுன். எங்கள் சபைக்காரிதான். எங்கள் கொட்டகையிலேயே, நீள மேசையின் மறுகோடியில் நின்று சிப்பி உடைப்பவள், ஒக்பூனைவிட இரண்டு வயது மூத்தவள். ஒக்பூன் புருஷனை இழந்து வேலைக்குத் திரும்பிய முதல் நாளில், "இவ வாய்க்குப் பயந்துதானே அந்த மனுஷன் புயல்னு தெரிஞ்சும் கடலுக்குப் போனான்" என்று ஜொம்சுன் சொல்லிவிட்டாள். கொட்டகையில் இருந்த நாற்பது பேர் காதிலும் விழுந்தது, ஒக்பூன் காதிலும் விழுந்தது. அதன்பிறகு இருபத்தேழு வருஷம் இருவரும் பேசவில்லை. அது வீண்பேச்சு என்று நாங்கள் எத்தனையோ தடவை சொன்னோம். ஒக்பூன் அதைப் பாதி நம்பிவிட்டாள் என்பது எனக்கு மட்டும் தெரியும்.

போன நவம்பரில் எங்கள் போதகர், பகைப்பவர்களுக்காக ஜெபிக்க வேண்டும் என்று பிரசங்கம் செய்தார். நாங்கள் தலையை ஆட்டிவிட்டு நூடுல்ஸ் சாப்பிடப் போனோம். ஒக்பூன் மறுநாளே ஆரம்பித்துவிட்டாள்.

அதிகாலை ஐந்து மணி ஜெபத்தில் நாங்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் வாய்விட்டுக் கதறித்தான் ஜெபிப்போம். அந்த இரைச்சலில் யார் என்ன கேட்கிறார்கள் என்று ஆண்டவருக்குத்தான் தெரியும். போதகர் மணியைத் தட்டினால் சட்டென்று நிறுத்திவிட வேண்டும். பத்தாம் நாள் மணி அடித்தது, எல்லோரும் நிறுத்தினோம். கண்ணை மூடி உருகிக்கொண்டிருந்த ஒக்பூனுக்கு மட்டும் அது கேட்கவில்லை.

"அந்த ஜொம்சுன் நாக்குல ஒரு புண்ணு வையும் ஆண்டவரே! பெருசா வேணாம், ஒரு மாசம் பேச முடியாத அளவுக்கு. அதுக்குள்ள அவ மனந்திரும்பிடுவா!"

நான் அவள் தொடையைக் கிள்ளுவதற்குள் எல்லாம் முடிந்துபோனது. மூன்று வரிசை பின்னால் இருந்த ஜொம்சுன் எழுந்து வெளியே போனாள். அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகூட ஆலயத்துப் பக்கம் வரவில்லை.

"சாபத்தப் போய் ஜெபம்னு நெனச்சுட்டேன்டி" என்று ஒக்பூன் என்னிடம் அழுதாள். "ஒருத்திய ஆலயத்த விட்டே துரத்திட்டேன். அவ திரும்பி வரலன்னா நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அங்க உக்காருவேன்?"

"அவளுக்கு நல்லதா நாலு வார்த்தை ஜெபிச்சாப் போச்சு."

"என்னன்னு ஜெபிக்க? அவளுக்கு என்ன வேணும்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"அப்பப் போய்க் கேளு" என்றேன். விளையாட்டுக்குத்தான் சொன்னேன். அவள் நிஜமாகவே நோட்டும் பேனாவுமாகக் கிளம்பிவிட்டாள்.

முதல் தடவை ஜொம்சுன் கதவைத் திறக்கவில்லை. இரண்டாம் தடவை திறந்து, பீடையை விரட்டுவது போல அவள் மேல் உப்பை அள்ளி வீசினாள். "கிம்ச்சி ஊறுகா போட வாங்கி வச்ச கல்லுப்புடி. மூட்டையே இருந்துச்சு, வஞ்சனையில்லாம வீசினா" என்று தலையைத் தட்டிக்கொண்டே வந்தாள் ஒக்பூன்.

மூன்றாம் தடவை வேலை நேரத்திலேயே, எங்கள் எல்லோர் முன்னாலும் மேசையின் மறுகோடிக்கு நடந்துபோனாள்.

"உனக்கு என்ன வேணும்னு சொல்லு. நான் ஜெபிக்கணும்."

ஜொம்சுன் நிமிரவே இல்லை. "ஏன், நாக்குல வச்ச புண்ணு பத்தலியா?"

கொட்டகையே சிரித்தது. ஒக்பூன் சிரிக்கவில்லை. "அது தப்புதான். எல்லார் காதுலயும் விழ அப்படி ஜெபிச்சேன். இப்ப எல்லார் முன்னாலயும் கேக்குறேன், என்ன மன்னிச்சிரு."

சிரிப்பு நின்றது. ஜொம்சுன் கத்தியைக் கீழே வைத்தாள்.

"நான் எது கேட்டாலும் ஜெபிப்பியா?"

"எது கேட்டாலும்."

"அப்ப எழுதிக்க. புருஷனப் பறிகொடுத்துட்டு வந்தவளப் பாத்து நான் ஒரு வார்த்தை சொன்னேன். பொய்னு தெரிஞ்சேதான் சொன்னேன். அன்னிக்குத் துறையில நின்னு நான் பாத்தேன். அந்த மனுஷன் பாட்டுப் பாடிக்கிட்டே படகேறினாரு. புயல் வரும்னு யாருக்குமே தெரியாது. என் புருஷன் குடிச்சுட்டு என்ன அடிக்கிறவன். உன் புருஷன் அப்படியில்ல, அந்த வயித்தெரிச்சல். மன்னிப்புக் கேக்க இத்தன வருஷமா எனக்கு நாக்கு எழும்பல. அவ என்ன மன்னிக்கணும். அதுக்கு ஜெபி."

ஒக்பூன் எழுதவில்லை. அவள் முகம் போன போக்கைப் பார்த்து, சிப்பிக் கூடையை எடுத்து அடித்துவிடுவாளோ என்றுகூடப் பயந்தேன். அவள் கண்ணை மூடி, "ஆண்டவரே" என்றாள். அதற்கு மேல் வார்த்தை வரவில்லை. ஒக்பூனுக்கு வார்த்தை வராமல் போனதை நான் அன்றுதான் பார்த்தேன். பிறகு கண்ணைத் திறந்தாள்.

"இத எதுக்கு அவர்கிட்ட கேக்கணும்? அவரு எப்பவோ மன்னிக்கச் சொல்லிட்டாரு. நான்தான் இறுக்கிப் பிடிச்சுக்கிட்டுக் குடுக்க மாட்டேன்னுட்டேன்."

ஈரக் கையுறையைக் கழற்றிவிட்டு ஜொம்சுனின் கையைப் பிடித்தாள்.

"மன்னிச்சிட்டேன், அக்கா."

"ஆமென்!" என்று கத்தினாள் ஜொம்சுன். நாற்பது பேரும் கத்தியால் மேசையைத் தட்டி ஆமென் என்று ஆர்ப்பரித்தோம். ஆலயத்துக்கே வராதவர்களும் கத்தினார்கள். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

"நாளைக்குக் காலைல ஜெபத்துக்கு வர்றியா, அக்கா?"

"வரேன். உன் பக்கத்துலதான் உக்காருவேன். உன்ன நம்ப முடியாது."

சத்தத்தைக் கேட்டு, வேலையில் விபத்து என்று நினைத்துக் கொட்டகை முதலாளி தலைதெறிக்க ஓடிவந்தார்.

"என்னாச்சு? யாருக்கு அடி பட்டுச்சு?"

ஒக்பூனின் கையை விடாமலே ஜொம்சுன் சொன்னாள்: "பிசாசுக்கு."