ஏழு குழியும் மூன்று பின்னும்

பிளாஸ்டிக் கருகும் வாடை எங்கிருந்து வந்தாலும் எனக்கு உளுந்து நினைவுக்கு வந்துவிடுகிறது. பொங்கி நிற்கும் மாவின் இளம்புளிப்பு, அதற்கு அடியில் எரிந்துபோன அடாப்டரின் நாற்றம். மட்டாஞ்சேரியில் எங்கள் பின்கட்டு அந்தக் காலையில் அப்படித்தான் இருந்தது. பக்கத்துக் கிடங்கின் மிளகுக் காரம்கூட உள்ளே வரத் தயங்கியது.

அண்ணியும் நானும் இட்லி மாவு விற்கிறோம். அரைப்பது அண்ணி, ஓட்டுவது நான். எங்களுடையது மின்சார சரக்கு ஆட்டோ. பின்கட்டில் பெரிய சாக்கெட் ஒன்றுதான், அது கிரைண்டருக்கு. ஆட்டோவின் தடித்த மூன்று பின் பிளக்கை ஒரு வெள்ளை அடாப்டரில் மாட்டி, அந்த அடாப்டரைச் சின்ன சாக்கெட்டில் செருகிவிடுவோம். எங்கள் தெருவில் எல்லோரும் செய்வதுதான். பொருந்தவில்லையா, நடுவில் ஒன்றைச் செருகு. என் மகளும் அப்படித்தான், போனில் எனக்கு அனுப்பும் தமிழை மலையாள எழுத்தில்தான் தட்டுகிறாள். நானும் தடங்கலில்லாமல் வாசித்துவிடுகிறேன்.

அன்றைக்கு அந்த நடுவில் இருந்தது உருகி, சுவரோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது. பின்கட்டு முழுக்கக் கரண்ட் இல்லை. ஆட்டோவின் திரையில் பேட்டரி இரண்டே கோடு.

போகவேண்டிய இடம் களமசேரி, ஒரு தொழிற்சாலையின் கேன்டீன். பதினொரு மணிக்குள் மாவு வந்தாக வேண்டும், மதிய ஷிப்டுக்கு அதில்தான் இட்லி. இன்றைய இட்லி சரியாக வந்தால் நாளையிலிருந்து தினமும் உங்கள் மாவுதான் என்று கேன்டீன் சமையல்காரர் சொல்லியிருந்தார். அந்த ஒரு வார்த்தைக்காக அண்ணி எத்தனை வெயிலில் அந்த கேட்டில் போய் நின்றார் என்று எனக்குத் தெரியும்.

"வேற வண்டி கூப்பிடலாம் அண்ணி."

"ஏத்தியாச்சு. மறுபடி இறக்கி ஏத்தினா மாவு அமுங்கிடும். அப்புறம் இட்லி வராது, கல்லுதான் வரும். எடு வண்டிய."

"ரெண்டு கோடுதான் இருக்கு."

"கலூர் வரைக்கும் போகும்ல? அங்க காருக்கெல்லாம் சார்ஜ் போடறாங்க. கரண்ட் எங்க இருந்தாலும் கரண்டுதானே."

நானும் அப்படித்தான் நினைத்தேன். அதுவரை வீட்டுக்கு வெளியே நாங்கள் சார்ஜ் போட்டதே இல்லை.

பாலத்தின் ஏற்றத்தில் ஒரு கோடு அணைந்தது. கீழே காயல் வெள்ளித் தகடாகக் கிடந்தது. எனக்கு அதைப் பார்க்க ஆசை, பார்க்கப் பயம். கண்ணை அந்த மிச்சக் கோட்டிலேயே வைத்துக்கொண்டு ஓட்டினேன். பின்னால் பாத்திரங்களின் மூடிகள் ஒவ்வொன்றாகக் கிணுகிணுக்கத் தொடங்கின. மாவு மூச்சு விடுகிறது. இங்கே ஒன்று இறங்க இறங்க, அங்கே ஒன்று ஏறிக்கொண்டிருந்தது.

கலூரில் சார்ஜ் போடும் இடத்தில், பெட்ரோல் பம்பில் இருப்பது போல, வயரோடு இரண்டு கன் தொங்கின. தடித்த கன் ஒரு காரின் வாயில் இருந்தது. மெலிந்த கன் சும்மா இருந்தது. அதை எடுத்து அதன் முகப்பைத் திருப்பிப் பார்த்தேன். எங்கள் பிளக்கைச் செருக அதில் இடமே இல்லை. வட்டமாக ஏழு குழி.

அண்ணி எட்டிப் பார்த்தார். "இதென்ன, உண்ணியப்பச் சட்டி மாதிரி குழி குழியா?"

அந்தக் காரின் மேல் சாய்ந்து நின்றிருந்த பெண் சிரித்துவிட்டார். டாக்சி ஓட்டுபவர், காக்கிச் சட்டை. "சேச்சி, அது டைப் டூ. காருக்கு மாத்ரம். நிங்கடெ பிளக் அதில் சேரில்லா."

சொல்லிவிட்டு டிக்கியைத் திறந்து கறுப்பாக ஒன்றை எடுத்து வந்தார். ஒரு முனை அந்த ஏழு குழிக்கானது. மறுமுனையில் நம் வீட்டுச் சுவரில் இருப்பது போலவே பெரிய மூன்று பின் சாக்கெட். அடாப்டர்.

அண்ணி ஓரடி பின்னால் போனார். "இன்னொண்ணா? வேண்டாம்மா. ராத்திரி ஒண்ணு எரிஞ்சது போதும்."

"அது சின்ன லோடுக்கு அண்ணி. தாங்காததத் தாங்கச் சொன்னோம், உருகிடுச்சு. இது பதினாறு ஆம்பியர், பாருங்க, போட்டிருக்கு."

"போட்டிருக்கும். அதுலயும் ஏதோ போட்டுத்தான் இருந்துச்சு."

களமசேரிக்கு மாவு போகவேண்டிய கதையை நான் சொல்லி முடிப்பதற்குள் டாக்சிக்காரப் பெண்ணுக்கு விமான நிலையத்துக்கு ஓட்டம் வந்துவிட்டது. அடாப்டரை என் கையில் வைத்தார். "வைகுந்நேரம் ஞான் இவிடெ வரும். அப்போ தந்நா மதி." சாயந்தரம் இங்கே வரும்போது திருப்பிக் கொடுத்தால் போதுமாம். பெயரும் கேட்கவில்லை, எண்ணும் கேட்கவில்லை. கார் சத்தமில்லாமல் போயே போய்விட்டது.

அண்ணி மூடிகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சரி, போடு. நான் தொட்டுக்கிட்டே இருப்பேன். சுட்டா பிடுங்கிடுவேன். மாவு போனா நாளைக்கு அரைக்கலாம், வண்டி போனா?"

செருகினேன். திரையில் பச்சை மினுங்கியது.

அண்ணி தரையில் உட்கார்ந்து அடாப்டரில் புறங்கையை வைத்தார். கிரைண்டர் கல் சூடாகிறதா என்று பார்ப்பதும் அந்தப் புறங்கையால்தான். கொஞ்ச நேரம் அடாப்டர், பிறகு எழுந்து பாத்திரத்தின் வயிறு, மறுபடி அடாப்டர். நான் துணிகளை நனைத்து நனைத்துப் பாத்திரங்களைச் சுற்றினேன். அதுவும் முடிந்ததும் முன்னும் பின்னும் நடந்தேன்.

"உக்காரு. நீ நடந்தா கரண்ட் வேகமா ஏறாது. கணக்கு நோட்டுல கிறுக்குவியே, அப்படிக் கவிதை ஏதாவது எழுதேன்."

"எதப் பத்தி?"

"மாவு பொங்கறதப் பத்தி. நிறுத்துன்னு எழுது, நிக்குதான்னு பார்ப்போம்."

சாயா வாங்கி வந்தேன். அவர் குடிக்கவில்லை, கை வேலையாக இருந்தது. "நாளைக்கே சுவத்துல இன்னொரு பெரிய சாக்கெட் வைக்கணும்" என்றார். "புது வயர் இழுத்து, தனியா. இனி அந்த வீட்டுல நடுவுல எதுவும் கிடையாது." அடாப்டர் சுடவில்லை. வெயிலில் இருந்த அவருடைய கைதான் சுட்டது.

இன்னும் ஒரு கோடு ஏறட்டும் என்றேன். ஒரு மூடியின் விளிம்பில் வெள்ளையாக ஒரு நுரை எட்டிப் பார்த்தது. "இது காத்திருக்காது. கழட்டு" என்றார் அண்ணி.

களமசேரிக்கு நேரத்துக்குள் போய்ச் சேர்ந்தோம். சமையல்காரர் மாவைத் தட்டில் ஊற்றி அடுப்பில் ஏற்றினார். ஆவி அடங்கும் வரை அண்ணி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். முதல் இட்லியைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு சமையல்காரர் சொன்னார்: "கொறச்சு புளி கூடுதலாணு." அண்ணியின் முகத்தை நான் பார்க்கவில்லை. சமையல்காரர் இரண்டாவது இட்லியையும் எடுத்தார். "நாளெ கொறச்சு நேரத்தே கொண்டு வரூ." நாளைக்கும் வேண்டும், கொஞ்சம் சீக்கிரமாக.

பாரம் இறங்கிய ஆட்டோ கலூருக்குத் திரும்பி வந்தது. மாலை வெளிச்சத்தில் அந்தக் காரும் வந்தது. அண்ணி அடாப்டரை முந்தானையால் துடைத்துக் கொடுத்தார்.

"சூடாயோ?"

"ஆகலை. கைய எடுக்கவே இல்லையே."

"மாவோ?"

"எடுத்துக்கிட்டாங்க. நாளையிலேர்ந்து தினமும்."

அந்தப் பெண் கண் விரியச் சிரித்து வண்டியைக் கிளப்பப் போனார். அண்ணி விடவில்லை. பாத்திரங்களில் மிஞ்சியதையெல்லாம் வழித்துப் போட்ட ஒரு தூக்குச்சட்டியை ஜன்னல் வழியாக அவர் மடியில் வைத்தார்.

"இது எந்தா சேச்சி?"

"மாவு. இன்னிக்கு ராத்திரியே தோசை ஊத்திடு, நாளைக்கு வெச்சா புளிச்சிடும். தூக்குச்சட்டிய இங்கேயே குடு, நாளைக்கும் இந்த வழிதான் வருவோம்."