வழக்கம்போலச் சிரித்தான்

ஜப்பானின் நகோயா நகரில் ஒரு பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் உட்காரும் மிச்சிரு குவாஹாராவுக்கு வயது நாற்பத்து மூன்று. நோயாளிகளுக்கு அவள் ஒரு குரல், ஒரு முகக்கவசம், அவ்வளவுதான். ஆனால் வருஷத்துக்கு இரண்டு முறை நடக்கும் ரசிகர் புத்தகச் சந்தையில் அவள் மேசை முன்னால் முப்பது பேர் வரிசையில் நிற்பார்கள். தொலைக்காட்சித் தொடரில் வந்த இடதுகை வாள்வீரன் ஒருவனை வைத்துப் பதினெட்டு வருஷமாகத் தானே கதை கட்டி, சின்னச் சின்னப் புத்தகங்களாக அச்சடித்து விற்றுக்கொண்டிருந்தாள்.

இந்தத் தடவை புத்தி வேறு பக்கம் போயிற்று. தம்பி நவோயாவைப் பற்றி எழுத உட்கார்ந்தாள். இருபத்து நான்கு வயதில் பைக் விபத்தில் போனவன். அப்பாவும் அம்மாவும் அவன் பின்னாலேயே போய்விட்டார்கள். குடும்பத்தில் அவனை அறிந்தவள் அவள் ஒருத்திதான் மிச்சம். தன்னோடு அவனும் ஒன்றுமில்லாமல் போய்விடுவானோ என்று அவளுக்குப் பயம்.

எழுதியதைத் தோக்கியேயிடம் கொடுத்தாள். பதினைந்து வருஷமாகச் சந்தையில் பக்கத்து மேசைக்காரி. மிச்சிரு எழுதியதில் ஒரு வரியைக்கூடப் படிக்காமல் விட்டதில்லை. அவள் வாயும் எதையும் விட்டுவைக்காது. உடோன் நூடுல்ஸ் கடையில் தாள்களை விரித்து வைத்துக்கொண்டு ஆரம்பித்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா இவன் யாருடி?"

"யாருன்னா? என் தம்பி."

"அது உனக்குத் தெரியும். எனக்கு? 'வழக்கம்போலச் சிரித்தான்'னு எழுதியிருக்க. இவன் வழக்கத்த நான் எங்க போய்த் தேடுறது? முதல் பக்கத்துலயே ஏழு 'வழக்கம்போல'!"

"வாள்வீரன் கதையிலயும் அப்படித்தான எழுதுனேன்? அப்ப வாயத் தெறக்கலையே?"

"அவன ஊருக்கே தெரியும்டி தாயே. நீ 'வழக்கம்போல'ன்னதும் அவன் வாளுறையத் தட்டுறது எல்லார் கண்ணுலயும் வந்து நிக்கும். உன் தம்பிய டிவியில காட்டலையே."

மிச்சிருவுக்கு முகம் சிவந்துவிட்டது. ஆனால் தோக்கியே சொன்னது சரிதான். அந்தச் சந்தையில் யாரும் வாள்வீரனை அறிமுகப்படுத்தி எழுதுவதில்லை. எழுதினால் வாசகருக்கு அது அவமரியாதை.

ஞாயிற்றுக்கிழமை காலை சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தாள். 'வழக்கம்போல' மொத்தம் முப்பத்தோரு இடத்தில் இருந்தது. குடையை ரயிலில் விட்டுவிட்டு நனைந்துகொண்டு வருவான் என்று எழுதினாள். மிசோ சூப்பிலிருந்து காளானை மட்டும் பொறுக்கி அக்காவின் கிண்ணத்தில் போடுவான் என்று எழுதினாள். எழுத எழுத அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. சந்தோஷமாகக்கூட இருந்தது.

சிரிப்புக்கு வந்தபோது பேனா நின்றது. உதட்டின் ஓரம் மட்டும் கோணும் சிரிப்பு ஒன்று வந்தது. அது வாள்வீரனுடையது. அதைக் கோடு போட்டு அடித்தாள். தலையைப் பின்னால் சாய்க்கும் சிரிப்பு வந்தது. அதுவும் வாள்வீரனுடையதுதான். எல்லாம் பதினெட்டு வருஷமாக அவளே எழுதி மெருகேற்றியவை. தம்பியுடையது அவற்றுக்கு அடியில் எங்கோ போய்விட்டது. பழைய புகைப்படங்களில் தம்பி விறைத்துக்கொண்டுதான் நின்றான்.

மத்தியானம் தோக்கியேவுக்குப் போன் செய்தாள்.

"எனக்கு அவன் சிரிப்பு ஞாபகமில்ல, தோக்கியே."



வாள்வீரனின் சிரிப்பையே வைத்திருந்தாலும் ஒருத்தருக்கும் தெரிந்திருக்காது. அவளுக்கு மனம் ஒப்பவில்லை. "அவன் சிரித்தான். எப்படிச் சிரித்தான் என்று அக்காவுக்கு நினைவில்லை" என்று எழுதினாள். தம்பியின் சாவுக்குக்கூட அழாதவள், அந்த வரியின் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள்.